வயர்லெஸ் போட்ட பிறகும் கரண்ட் அடித்த கிற்றார்: யாழ்ப்பாணத்து இசைக்குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவர்கள் எல்லாரும் இதே ஊரில் இதே தொழிலில் இருக்கிறார்கள், ஆகவே ஆட்களின் பெயரும் இல்லை, கோயிலின் பெயரும் இல்லை. நான் மிக்சர், அம்ப், ஸ்பீக்கர் திருத்துகிறவன். கோயில் மேடை ஒன்றில் கிற்றார்காரர் கரண்ட் அடித்து விழுந்த இரவு நான் அங்கே இல்லை. அடுத்த நாள் காலைதான் அவருடைய அம்ப், அதாவது கிற்றாரின் சத்தத்தைப் பெருப்பிக்கும் பெட்டி, என் மேசைக்கு வந்தது. அதற்கு முந்தியவை குழுவில் இருந்தவர்கள் சொன்னவை, பிந்தியவை நான் அளந்து பார்த்தவை.

பின்னணி

கொக்குவில் பக்கத்துப் பொடியங்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழு. கலியாண வீடு, பாடசாலை விழா, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். லீட் கிற்றார் வாசிக்கும் தம்பிதான் பாதிப் பாட்டுகளைப் பாடுவதும். அதாவது கை கம்பியிலும் வாய் மைக்கிலும் ஒரே நேரத்தில் இருக்கும் ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அம்ப் கனடாவில் இருந்து வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா பழைய அம்ப் ஒன்றை வாங்கி, கப்பலில் வந்த சாமான் பெட்டிக்குள் போர்வை சுற்றி அனுப்பியிருக்கிறார். 1970களின் அமெரிக்கத் தயாரிப்பு, கடைசிக் கட்டத்தில் இரண்டு 6எல்6 வால்வு (பழைய றேடியோக்களில் இருந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்), 40 வாற்ஸ் அளவில், ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருக்கும் ஒரு கொம்போ. இந்த ஊரில் அப்படி ஒன்று வைத்திருப்பது பெரிய விசயம். பெரும்பாலான கோஷ்டிகள், அம்ப்பின் சத்தத்தை டிஜிட்டலில் உண்டாக்கும் புரொசஸரில் இருந்து நேரே மிக்சருக்குப் போய்விடுவார்கள், தூக்கித் திரியும் பாரமும் இல்லை, வால்வு தேடி அலையும் வேலையும் இல்லை. ஆனால் கிற்றாரை மெல்லமாகத் தட்டினால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் உறுமிக்கொண்டும் வரும் அந்தச் சத்தத்துக்காக இந்தத் தம்பி 25 கிலோவுக்கு மேலான பெட்டியை ஓட்டோவில் ஏற்றித் திரிந்தார். அதில் தவறு காண எனக்கு மனமில்லை.

அம்ப்புக்கு 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் வேண்டும். எங்கள் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நடுவில் 110 வோல்ற் தரும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி. வெளிநாட்டில் இருந்து வந்த மிக்சி, றைஸ் குக்கர் எல்லாம் ஓடுகிற அதே வகைப் பெட்டிதான், யாழ்ப்பாணத்தில் பத்து வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டிலாவது காணலாம்.

முதலில் தெரிந்தது

ஒரு கலியாண மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது, பாட வாயெடுத்த தம்பிக்கு மைக்கின் வலையில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்திருக்கிறது. அடுத்த கிழமை வேறு மண்டபத்தில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த இடத்தில் திரும்ப வந்தது, இந்தமுறை கொஞ்சம் கூடுதலாக. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது என்பதால் எல்லாரும் மண்டபத்து வயரிங்கில் பழியைப் போட்டார்கள். பேஸ் வாசிக்கிறவரும் ஒருமுறை ஒரு கையால் அம்ப்பின் கைப்பிடித் தகட்டையும் மறு கையால் மைக் ஸ்டாண்டையும் பிடித்தபோது விறைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதை ஏதோ ஸ்டாட்டிக், அதாவது உலர்ந்த காற்றில் உரசலால் வரும் கரண்ட், என்று விட்டுவிட்டார்கள். எங்கள் புழுக்கத்தில் ஸ்டாட்டிக் எங்கே இருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் வைத்தியம், மைக்குக்குப் பஞ்சு உறை. உதடு உலோகத்தில் படாதவரை அடிக்காது, ஆகவே அது வேலை செய்தது போலத்தான் இருந்தது. பஞ்சு எச்சிலில் ஊறியதும் பழையபடி அடித்தது.

அப்போதுதான் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் சொன்னாராம்: "வயர்லெஸ் ஒண்டு எடு மச்சான். வயரே இல்லாட்டிக் கரண்ட் எங்கால வாறது?"

வாதம் அரைவாசி சரி, அதுதான் சிக்கல். கேபிளில் வாசிக்கும்போது கிற்றாரின் கம்பி, பிறிட்ஜ், கேபிளின் வெளிச்சுற்று, அம்ப்பின் தகரச் சட்டம் எல்லாம் ஒரே உலோகத் தொடர். சட்டத்தில் கரண்ட் நின்றால் கம்பியிலும் நிற்கும். மைக் மிக்சர் வழியாக எர்த்தில் இருக்கும். கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்தால் இடையில் பாலமாக நிற்பது ஆள்தான். வயர்லெஸ் போட்டால் அந்தத் தொடர் கிற்றாரோடு அறுகிறது. கம்பி எதனோடும் தொடுப்பில்லாமல் நிற்கும், உதட்டில் அடிக்காது. நண்பர் சொன்னது அவ்வளவுக்கும் உண்மை. ஆனால் ரிசீவரில் இருந்து, காலால் அமர்த்திச் சத்தத்தை மாற்றும் பெடல்களுக்கும் பெடலில் இருந்து அம்ப்புக்கும் போகும் வயர்கள் அங்கேயேதான் இருக்கின்றன, அவற்றின் மறுமுனையில் அதே சட்டமும்.

வயர்லெஸ் வந்த பிறகு

வாங்கியது 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் டிஜிட்டல் வகை. கிற்றாரில் குத்தும் சிறிய ட்ரான்ஸ்மிற்றர், பெடல் பலகையில் வைக்கும் உலோக உடல் ரிசீவர், அதில் காலால் அமர்த்தும் மியூற் சுவிச் ஒன்று. போட்ட அன்றே உதட்டில் அடிப்பது நின்றுவிட்டது. மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று லீட் வாசிக்கவும் தொடங்கிவிட்டார். பிறகு யார் அம்ப்பைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் சத்தம் மாறிவிட்டது. தம்பி சொன்ன சொல், "கீச்செண்டு கேக்குது அண்ணை". அதே கிற்றார், அதே அம்ப், அதே குமிழ் நிலைகள். மேல் ஸ்தாயி மட்டும் காதைக் குத்துகிறது. டிஜிட்டல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். தாமதம்தான் காரணம் என்று இன்னொருவர். இப்படிப்பட்ட செற்களில் தாமதம் இரண்டு மூன்று மில்லிசெக்கன்தான், அம்ப்பில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி நின்றாலே காற்றில் வரும் சத்தம் அவ்வளவு பிந்தும். அது கதையில்லை.

காரணம் கேபிள் இல்லாமற் போனதுதான். சாதாரண கிற்றார் கேபிளில் மீற்றருக்கு ஏறக்குறைய 100 பிக்கோபரட் மின் கொள்ளளவு இருக்கும், அதாவது கேபிளே ஒரு சிறிய கப்பாசிற்றர். இவர் பாவித்த 6 மீற்றர் கேபிளுக்கு 600. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றின் தூண்டல் 4, 5 ஹென்றி அளவில் வரும். இரண்டும் சேர்ந்தால் 3,000 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட ஒரு மேடு உண்டாகி அதற்கு மேலே சத்தம் சரிந்துவிடும். நாங்கள் கிற்றாரின் சத்தம் என்று காலங்காலமாகக் கேட்டுப் பழகியது அந்த மேட்டையும் சரிவையும்தான். கேபிளை எடுத்துவிட்டு ட்ரான்ஸ்மிற்றரை நேரே குத்தினால் கொள்ளளவு சட்டென்று குறைந்து மேடு 5,000 ஹேர்ட்ஸ் பக்கம் ஓடிவிடும். புரொசஸரில் வாசிக்கிறவருக்கு இது அவ்வளவு உறைக்காது, அதில் ஒரு குமிழைத் திருகிச் சரிக்கட்டலாம். உறுமலின் விளிம்பில் வைத்த வால்வு அம்ப்பில் உள்ளே போகிற எதுவும் பெருத்து வெளியே வரும், ஆகவே உடனே தெரிந்தது.

இன்னொன்றும் இருந்தது. அவரிடம் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஜேர்மேனியம் பஸ் (fuzz) பெடல் ஒன்று உண்டு. கேபிளில் வாசித்தபோது கிற்றாரின் வொலியூமைக் கொஞ்சம் குறைத்தால் பஸ் தானாகவே தெளிந்து வருமாம், வயர்லெஸில் அது நடக்கவில்லை. அந்த வகைப் பெடல் பிக்கப்போடு நேரே பேசும் பெடல். இடையில் ரிசீவர் வந்து நின்றால் அந்தத் தொடர்பு போய்விடும்.

இவை எல்லாவற்றையும் ட்ரெபிள் குமிழைக் குறைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ரிசீவருக்குக் கரண்ட் கொடுத்தது பழைய போன் சார்ஜர் ஒன்று. அதன் சீறல் உறுமலோடு சேர்ந்து பெருத்து வந்தது, அதையும் பழக்கப்படுத்திக்கொண்டார்கள்.

பூங்காவன இரவு

சித்திரை மாதத் திருவிழா. தேரும் தீர்த்தமும் முடிந்து பூங்காவனத்தன்று இரவு மேளக் கச்சேரிக்குப் பிறகு இவர்களின் நிகழ்ச்சி. மேடை கோயிலின் வெளிவீதியில், பலகை அடித்து மேலே தறப்பாள் விரித்தது. பின்னேரம் நல்ல மழை. தறப்பாளில் தண்ணீரை வழித்துத் தள்ளினார்கள், துடைக்கவில்லை. சுவாமிக்கு நேரே இருக்கும் மேடை என்பதால் செருப்பு, சப்பாத்து ஒன்றும் இல்லை, எல்லாரும் வெறுங்கால்.

மேடைக்குக் கரண்ட் கோயிலில் இருந்து எக்ஸ்டென்ஷன் வயரில் வந்தது. ஸ்டெப் டவுன் பெட்டியில் இருந்தது இரண்டு முள் பிளக். மூன்று ஓட்டை பிளக் பேஸில் இரண்டு முள்ளைக் குத்த எல்லாரும் செய்கிறதைத்தான் இவர்களும் செய்தார்கள்: எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டு அமத்தி, உள்ளே மறைப்பு விலகியதும் இரண்டு முள்ளையும் தள்ளிவிட்டார்கள்.

முதல் பாட்டிலேயே கிற்றார் விட்டுவிட்டு வந்தது. நிகழ்ச்சியை நேரலையில் அனுப்ப வந்திருந்தவர்கள் தங்கள் வைபை ரௌட்டரை மேடையின் இடது மூலையில், பெடல் பலகைக்கு ஒரு எட்டுத் தூரத்தில் வைத்திருந்தார்கள். அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ். முன்னால் இருந்த சனத்தின் கைகளில் எல்லாம் போன். ரிசீவர் தரையில் கிடக்க, ட்ரான்ஸ்மிற்றர் ஆளின் இடுப்புக்குப் பின்னால். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும். அவர் சனத்தைப் பார்த்து நின்றபோது உடம்பே தடையாக நின்றிருக்கிறது.

இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் முற்றாக நின்றது. ரிசீவர் மியூற்றில் போய்விட்டதோ என்று நினைத்து, மைக்கில் "ஒரு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே வலது கால் பெருவிரலால் மியூற் சுவிச்சை அமர்த்தினார். ஈரக் கால், உலோக சுவிச், உதட்டில் மைக். வாயில் இருந்து காலுக்குக் கரண்ட் போயிற்று. பின்னுக்குச் சரிந்து டிரம்ஸ் மேடையின் விளிம்பில் விழுந்தார், நாக்கைக் கடித்துக்கொண்டதில் இரத்தம். மிக்சரில் நின்றவர் சட்டென்று மெயினை அமர்த்தினார், அந்த இரவில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான். ஆளைத் தொடுவதற்கு முன் அமர்த்தினார் என்பது இன்னும் முக்கியம்.

ஆள் எழுந்து உட்கார்ந்து "ஒண்டுமில்லை, வாசிப்பம்" என்றாராம். குழுவில் மூத்தவர் விடவில்லை, ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருதயத் துடிப்பைப் பதிந்து பார்த்து, இரவு வைத்திருந்து, காலையில் விட்டார்கள். மார்பைக் கடந்து போன கரண்டுக்கு, ஆள் நன்றாக நிற்கிறார் என்பதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மூத்தவர் செய்தது சரி. மிச்ச நிகழ்ச்சியை அம்ப் இல்லாமல், அக்கூஸ்ரிக் கிற்றார் ஒன்றை மிக்சரில் குத்தி முடித்திருக்கிறார்கள்.

மேசையில் கண்டது

அம்ப் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதன் பிளக். அமெரிக்க மூன்று முள் பிளக்கில் உருண்டையான எர்த் முள் குறட்டால் நறுக்கப்பட்டிருந்தது, வெட்டிய இடம் கறுத்துப்போயிருந்தது, அதாவது இது நேற்றைய வேலை இல்லை. காரணமும் உடனே தெரிந்தது: ஸ்டெப் டவுன் பெட்டியின் வெளியீட்டில் இரண்டு தட்டை ஓட்டைதான் இருக்கிறது, எர்த்துக்கு இடமே இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே சுருள். 230க்கும் 110க்கும் தனித்தனிச் சுருள் இல்லை, ஒரே சுருளின் நடுவில் இருந்து எடுத்த இணைப்பு. ஓட்டோ ட்ரான்ஸ்போமர் என்று சொல்வது இதைத்தான். மலிவு, பாரம் குறைவு, ஆனால் மெயினில் இருந்து எந்தப் பிரிப்பும் இல்லை.

அம்ப்பின் பின்பக்கம் கிறவுண்ட் என்று எழுதிய சிறிய சுவிச். அந்தக் காலத்து அமெரிக்க அம்ப்களில் இது வழக்கம். இரைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக, மெயினின் இரண்டு கம்பிகளில் ஒன்றை 0.047 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றின் வழியாகச் சட்டத்தோடு இணைத்துவிடும். அந்தக் கப்பாசிற்றருக்குத் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் மரணக் கப்பாசிற்றர். பழசாகி உள்ளே ஒட்டிக்கொண்டால் மெயின் நேரே சட்டத்துக்கு வந்துவிடும். இதில் இருந்தது இன்னும் ஒட்டவில்லை, ஆனால் உடலில் நகத்தால் தடவினால் அகப்படும் அளவில் ஒரு வெடிப்பு.

இனி, ஒரு நாள் அடித்து ஒரு நாள் அடிக்காத மாயம். எர்த் முள் இல்லாததால் அம்ப்பின் பிளக்கை ஸ்டெப் டவுனில் எப்படியும் குத்தலாம். ஸ்டெப் டவுனின் இரண்டு முள் பிளக்கையும் சுவரில் திருப்பிக் குத்தலாம். மொத்தம் நாலு விதம். நாலையும் மாற்றி மாற்றிக் குத்தி, சட்டத்துக்கும் எர்த்துக்கும் இடையில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன். ஒரு விதத்தில் சில வோல்ற்தான். ஒன்றில் 110ஐ ஒட்டி, இன்னொன்றில் 120ஐ ஒட்டி. கடைசி விதத்தில் 230ஐ ஒட்டி நின்றது. ஒவ்வொரு மண்டபத்திலும் எந்தக் கையால் எப்படிக் குத்தினார்களோ அப்படி அடித்திருக்கிறது, மண்டபங்களின் வயரிங் பாவம் சும்மா ஏச்சு வாங்கியிருக்கிறது.

அந்தக் கப்பாசிற்றர் வழியாக 50 ஹேர்ட்ஸில் 110 வோல்ற்றுக்கு ஏறக்குறைய 1.6 மில்லியம்பியர் போகும், உதட்டில் சுள்ளென்று படும் அளவு. 230க்கு 3.4. ஆளைக் கொல்லும் அளவு அது இல்லை, ஆனால் திடுக்கிட்டு விழவைக்கும், விழும் இடம் எப்படி என்பது வேறு கதை. வீட்டு மெயினில் இருக்கும் ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியரில்தான் விழும். ஆகவே ட்ரிப் விழவில்லை, கரண்ட் கசியவில்லை என்று நினைப்பதில் அர்த்தமில்லை. கப்பாசிற்றர் அன்று இரவு ஒட்டியிருந்தால் இடையில் தடுக்க ஒன்றுமே இல்லை. 1972இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால். அங்கே பிழை மைக் பக்கம், இங்கே அம்ப் பக்கம், பாலமாக நின்ற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எடுத்த முடிவுகள்

அம்ப்பை விற்றுவிட்டு புரொசஸருக்குப் போகலாம் என்று வீட்டில் அம்மா சொன்னார். நியாயமான பேச்சு, அதற்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிழை அம்ப்பின் இயல்பில் இல்லை, மூன்று இடத்தில் எர்த் அறுந்ததிலும் ஒரு பழைய கப்பாசிற்றரிலும் இருந்தது. அவற்றைச் சரிசெய்யலாம் என்பதால் வைத்திருப்பது என்று தம்பியும் குழுவும் முடிவெடுத்தார்கள்.

கப்பாசிற்றரை வெட்டி எடுத்தோம். புதியதொன்று அந்த இடத்தில் போடவில்லை, ஒழுங்கான எர்த் இருந்தால் அதற்கு அங்கே வேலையே இல்லை. கிறவுண்ட் சுவிச் இப்போது வெறும் அலங்காரம். அம்ப்புக்குப் புதிய மூன்று கம்பி வயர். எர்த் கம்பியைத் தனி ஆணியில், சட்டத்தின் பூச்சைச் சுரண்டிவிட்டு இறுக்கினோம். பழைய ஸ்டெப் டவுனை ஒதுக்கிவிட்டு, மோட்டர் கொயில் சுற்றும் ஒருவரிடம் இரண்டு சுருளும் தனித்தனியான ட்ரான்ஸ்போமர் ஒன்று சுற்றுவித்தோம். உள்ளே போகும் வயரில் மூன்று முள், வெளியே மூன்று ஓட்டை, எர்த் இடையில் முறியாமல்.

எத்தனை வோல்ற்றுக்குச் சுற்றுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அம்ப்புக்குள் இருப்பது 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமர், அதை 50இல் ஓட்டினால் அதன் இரும்பில் காந்தம் கூடுதலாக நிறைந்து சூடாகும். 100 வோல்ற்றுக்கு இறக்கினால் அந்தச் சூடு சரியாகிவிடும், ஆனால் வால்வுகளுக்குள் சூடேறும் கம்பியான ஹீற்றருக்கு 6.3 வோல்ற்றுக்குப் பதில் 5.25தான் போகும், அது போதாது. 110இல் 5.8 கிடைக்கும், இரும்புக்குச் சுமை பத்து வீதம் கூட. 110ஐ எடுத்துக்கொண்டு, அம்ப்பின் பின்னால் சின்ன மின்விசிறி ஒன்று வைப்பது என்று தீர்மானித்தோம்.

பிறகுதான் சத்தம். தம்பி முதலில் இதைத்தான் கேட்டார், நான் கடைசியில்தான் தொட்டேன். கிற்றாருக்குள், வயர்லெஸ் குத்தும் ஜக்கின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சிறிய கப்பாசிற்றர் வைத்தால் கேபிள் செய்த வேலையை அது செய்யும். 330, 470, 680 பிக்கோபரட் மூன்றையும் முதலை வாய்க் கிளிப்பில் மாட்டி, ஒரே ராகத்தைக் கேபிளிலும் வயர்லெஸிலும் மாறி மாறி வாசிக்கச் சொன்னோம். 680இல் கொஞ்சம் மங்கல், 330 இன்னும் குத்தல், 470இல் ஆள் சிரித்தார். அதை இழுவைக் குமிழ் சுவிச் ஒன்றின் வழியாகப் பற்றவைத்தோம், கேபிளில் வாசிக்கும் நாளில் விலக்கிவிடலாம். சிலர் இந்தக் கப்பாசிற்றரை ரிசீவரின் வெளியீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிரயோசனம் இல்லை என்பார்கள். இருக்காதுதான். ரிசீவரின் வெளியீட்டுத் தடை குறைவு, அங்கே சில நூறு பிக்கோபரட் ஒன்றும் செய்யாது. பிக்கப்போடு சேரும் இடத்தில்தான் அது வேலை செய்யும். கேபிள் சத்தத்தைத் தானே உண்டாக்கும் வசதி சில வயர்லெஸ் செற்களில் உள்ளேயே உண்டு, இவர் வாங்கியதில் இல்லை.

ரிசீவரின் வெளியீட்டு அளவையும் பார்த்தோம். கேபிளில் அம்ப் எந்த இடத்தில் உறுமத் தொடங்குகிறதோ அதே இடத்தில் வயர்லெஸிலும் தொடங்கும்வரை அதன் குமிழைத் திருகி, நிலையைப் பேனையால் குறித்தோம். போன் சார்ஜர் போய், பெடல்களுக்கு உரிய தனித்தனி வெளியீடுள்ள பவர் சப்ளை வந்ததும் சீறலும் போய்விட்டது. பஸ் பெடலுக்கு வழி இல்லை. அது கேபிளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

பிறகு நடந்தது

அதே குழு ஆடி மாதத்தில் வேறொரு கோயிலில் வாசித்தது, இந்தமுறை நானும் போனேன். மீற்றரை எடுத்து முதலில் கோயிலின் பிளக் பேஸில் லைவ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பார்த்தோம். எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றில் எர்த் கம்பி பிளக்குக்குள் கழன்று கிடந்தது, அதை ஒலியமைப்புக்காரரிடம் காட்டியதும் அவர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். அம்ப்பின் சட்டத்துக்கும் மைக்கின் வலைக்கும் இடையில் மீற்றரில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் தம்பி மைக்கை முதலில் புறங்கையால்தான் தொட்டார்.

ரிசீவரைப் பெடல் பலகையில் இருந்து எடுத்து, பழைய மைக் ஸ்டாண்டில் நெஞ்சு உயரத்தில், மேடையின் பக்கவாட்டில், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும் இடத்தில் வைத்தோம். அதில் இருந்து பெடலுக்குப் போகும் சிறிய கேபிள் ஒன்று கூடியது, அவ்வளவுதான். நேரலைக்காரரிடம் பேசி ரௌட்டரை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றச் சொன்னோம், மேடையில் இருந்து தள்ளியும் வைத்தார்கள். சனம் வந்து நிறைந்த பிறகு ஒருமுறை சனல் தேடினோம், வெறும் மைதானத்தில் தேடிக் கண்ட சனல் சனம் வந்தால் அதே மாதிரி இராது. அன்று இரவு முழுக்கச் சத்தம் அறவில்லை. ட்ரான்ஸ்மிற்றரைக் கழற்றும்போது அம்ப்பை ஸ்டாண்ட்பையில் போடும் பழக்கமும் இப்போது வந்துவிட்டது. திறந்த வொலியூமில் நிற்கும் வால்வு அம்ப்பில் ஒரு வெடிச்சத்தம் போனால் ஸ்பீக்கர்தான் பலி.

இனி மாற வேண்டியவை

உதட்டில் முதல் சுள் பட்ட நாளிலேயே அம்ப் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பஞ்சு உறையும் வயர்லெஸும் அறிகுறியை மறைத்தன. அதுவும் வயர்லெஸ் எவ்வளவு நன்றாக மறைத்தது என்றால், அதற்குப் பிறகு பேஸ் வாசிக்கிறவரின் விறைப்பைக் கூட ஒருவரும் பழைய விசயத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வயர்லெஸ் வாங்கப் போகிறவரிடம் நான் இப்போது முதலில் கேட்பது ஏன் வாங்குகிறாய் என்றுதான். நடந்து திரிய என்றால் நல்லது. கரண்ட் அடிக்கிறது என்றால், வாங்குகிறதை நிறுத்திவிட்டு அம்ப்பைக் கொண்டுவா.

வெறுங்காலோடு ஏறும் மேடைகளில் பெடல் பலகைக்குக் கீழும் ஆள் நிற்கும் இடத்திலும் தடித்த இறப்பர் விரிப்புப் போட இந்தக் குழு தொடங்கியிருக்கிறது. எர்த்துக்கு அது மாற்று இல்லை, கூடுதல் காப்பு. இரண்டு முள் பிளக் எதுவும் மேடைக்கு வரக்கூடாது என்று ஒரு சட்டமும் வைத்திருக்கிறார்கள். கீபோட்காரர் தன் அடப்ரரைக் காட்டி முணுமுணுத்திருக்கிறார். இரட்டைக் காப்புள்ள அடப்ரருக்கு எர்த் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் பேனை மூடி விட்டுக் குத்தும் பழக்கம் நிற்க வேண்டும் என்றால் விதிவிலக்கு வைக்காமல் இருப்பது நல்லது என்று மூத்தவர் சொல்லிவிட்டார். இரண்டு முள்ளை மூன்று முள்ளாக்கும் கன்வேர்ட்டர் பிளக் ஒன்று வாங்கினால் தீர்கிற பிரச்சினை.

அம்ப்பின் ட்ரான்ஸ்போமர் மட்டும் இன்னும் முடியவில்லை. விசிறியோடும் இரண்டு மணித்தியாலம் தாண்டினால் கைவைக்க முடியாத சூடு வருகிறது. இப்போதைக்கு இடைவேளையில் அமர்த்தி ஆறவிடுகிறார்கள். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸுக்கு உரிய ட்ரான்ஸ்போமர் ஒன்றை மாமாவிடம் கேட்டிருக்கிறார்கள், வந்தால் இடையில் இருக்கும் பெட்டியையே எடுத்துவிடலாம்.